நாய்ப் பெரட்டு

போன மாதம்வரை மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் தலவாக்கலையிலிருந்து நரிப்பாறைத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் இடம் கிடைத்ததில்லை. மனிதர்களுக்குத்தான். நாய்களுக்குக் கிடைக்கும். சன்னலோர இருக்கையில் ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வரும். அதன் சொந்தக்காரர் கம்பியில் தொங்கிக்கொண்டு வருவார். கேட்டால், "சாமியப் பாக்கப் போற நாய்ங்க, நெருக்காதீங்க" என்பார். பிள்ளைத்தாய்ச்சிக்கு எழும்பாத ஆட்கள் நாய்க்கு எழும்பி இடம் கொடுத்தார்கள். பக்தி மனிதனை எவ்வளவு மென்மையாக்கிவிடுகிறது பாருங்கள்.

நாய் மட்டுமா? கொழுந்துச் சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும் பூனை. அட்டைப் பெட்டியில் முயல். மஸ்கெலியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவர் தன் கிளியைக் கொண்டுவந்தார். எல்லாம் சீக்குப் பிடித்தவை. எல்லாம் பைரவானந்த சுவாமிகளைத் தரிசிக்கப் போகிறவை.

சுவாமிகள் எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய முதல் தகுதி. தெரிந்த ஊர்க்காரன் என்றால் எந்த வகுப்பில் எத்தனை தடவை பெயிலானான் என்பது நமக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் எப்படிக் கும்பிடுவது? கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் நாய்ப்பல் மாலை. கனவில் பைரவர் வந்தாராம். "மலைநாட்டில் என் வாகனங்கள் கஷ்டப்படுகின்றன, போய்க் கவனி" என்றாராம். அதே மலைநாட்டில் இரண்டு காலில் நடக்கிற சில இலட்சம் பேர் கஷ்டப்படுகிற சங்கதி பைரவரின் காதுக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

சுவாமிகளின் வைத்தியசாலை, தோட்டத்துப் பெரட்டுக் களம். காலையில் தொழிலாளர்களை நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற அதே இடம். வந்து நின்றால் பேர் விழும். பேர் விழுந்தால் அன்றைய சம்பளம். நிற்காதவருக்கு ஒன்றுமில்லை. சுவாமிகள் வந்த இரண்டாவது வாரமே இந்த ஏற்பாட்டைக் கவனித்துவிட்டார். ஏமாற்றுகிறவன் ஊரைப் படிக்கிற அளவுக்கு ஊர் ஏமாற்றுகிறவனைப் படிப்பதில்லை.

நாய்களை வரிசையில் நிறுத்துவார்கள். சுவாமிகள் சங்கை எடுப்பார். கன்னம் புடைக்க ஊதுவார். ஒரு சத்தமும் வராது.

இதற்குத்தான் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஊதினால் சத்தம் வருகிற சங்கு கோயிலில் எத்தனையோ கிடக்கிறது. அதை யார் மதிக்கிறார்கள்? ஊதினாலும் சத்தம் வராத சங்கு இது ஒன்றுதான். ஊமைச் சங்கு!

ஆனால் சங்கு வாயில் பட்டதும் களத்திலிருந்த அத்தனை நாயும் காதை விறைத்துக்கொண்டு சுவாமிகளைத் திரும்பிப் பார்த்தன. குறட்டை விட்ட நாய் விழித்தது. சொறிந்துகொண்டிருந்த நாய் சொறிவதை நிறுத்தியது. சாக்குக்குள்ளிருந்த பூனைகூடக் காதைத் திருப்பியது.

"பைரவரோட பெரட்டுச் சங்கு இது!" என்று சுவாமிகள் கர்ஜிப்பார். "மனுசக் காதுக்கு எட்டாது. ஆத்மாவுக்குத்தான் எட்டும். காதத் தூக்குன ஜீவனுக்கு நோய் இல்ல. வெறும் கண்ணூறு. அதுக்குப் பேர் போட்டாச்சு!"

பேர் விழுந்த நாய்க்குக் கழுத்தில் கறுப்புக் கயிறு, ஒரு போத்தல் பைரவ தீர்த்தம், வீட்டுக்காரருக்கு மூன்று நாள் சைவம், நாய்க்கு மூன்று நாள் விரதம். விரதத்தில் சோறு கூடாது, மருந்து கூடாது, முக்கியமாக ஊசி கூடவே கூடாது. ஊசி குத்தினால் ஆத்மா கசிந்துவிடும். சைக்கிள் டியூப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காதைத் தூக்காத நாய்க்கு எமன் பேர் போட்டுவிட்டான் என்று அர்த்தம். மீட்பதற்குத் தனிப் பூஜை, தனிக் காணிக்கை.

இந்த ஏற்பாட்டில் ஒரு அழகு உண்டு. பிழைத்த நாய் எல்லாம் சுவாமிகளால் பிழைத்தது. செத்த நாய் எல்லாம் வீட்டுக்காரரால் செத்தது.

லிந்துலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சண்முகராஜா முதலாளியைக் கேளுங்கள். அவருடைய கடுவன் பூனை இரண்டு நாளாக மூலையில் குந்திக் குந்தி முக்கியது. ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. கத்திக்கொண்டே இருந்தது. பூனை காதைத் தூக்கியது, பேர் விழுந்தது, கயிறு கட்டியாயிற்று. மறுநாள் பூனை செத்துப்போயிற்று.

"எம் பிழைதாங்க" என்று முதலாளி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "வெரத நாள்ல மறதியா முட்டை ரொட்டி தின்னுட்டேன். சாமி என்ன செய்வாரு, பாவம்?" அன்றிலிருந்து அவர்தான் சுவாமிகளின் பிரதம சிஷ்யர். முட்டை ரொட்டி தின்றது முதலாளி. மூத்திரம் அடைத்தது பூனைக்கு. இரண்டுக்கும் இடையில் என்ன குழாய் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது சிஷ்யர் தோட்டத்துக் கண்டாக்கு கோபிசங்கர். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு என்றால் மலையில் அவர்தான் சட்டம். அரைக் காற்சட்டையும் கையில் தடியுமாக, கன்றுக்குட்டி அளவு வளர்ந்த சீசர் என்ற அல்சேஷனைப் பிடித்துக்கொண்டு வருவார். சுவாமிகளுக்குக் களத்தைத் திறந்துவிட்டதே அவர்தான். சீசர் வாரா வாரம் காதைத் தூக்கும், வாரா வாரம் பேர் வாங்கும். "எங்க சீசருக்கு ஒரு நாள்கூட அரைப் பேர் விழுந்ததில்ல" என்று கண்டாக்கு மார்தட்டுவார். கொழுந்து கொஞ்சம் குறைந்தால் பெண்களுக்கு அரைப் பேர் போடுகிற மனிதர், தன் நாயை நினைத்துப் பெருமைப்படுவதில் தப்பில்லை.

சரி. போன மாதத்து ஒரு ஞாயிறு.

தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான ஐந்தாம் நம்பர் லயத்து ஜெயலெட்சுமி வீரனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீரன் செவலை நாய், லயத்து நாய், சாதி கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மேல்மலையில் புதருக்குள் படுத்திருந்த சிறுத்தையைக் கண்டு, கொழுந்தெடுக்க வந்த பெண்கள் கிட்டப் போகுமுன் குரைத்து மறித்தது அதுதான். ஜெயலெட்சுமியின் புருசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வருசத்தில் இரண்டு முறை வருவான். மற்ற நாளெல்லாம் மலைக்குப் போகும்போது அவளுக்கு முன்னால் நடப்பது வீரன். அந்த வீரன்தான் இன்று ஈரத் துணி மாதிரி தோளில் தொங்குகிறது.

கூட வந்தவள் பக்கத்து வீட்டுச் சுதர்ஷினி. பெண்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் வேலை. பேசத் தெரியாத முப்பது பிள்ளைகளில் எது பசிக்கு அழுகிறது, எது சும்மா அழுகிறது, எதை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று பத்து வருடமாகப் பார்த்துப் பிரிக்கிறவள்.

"ஜெயாக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இவன் ஒதட்டத் தூக்கிப் பாத்தீங்களா?" சுதர்ஷினி நாயின் உதட்டை விரலால் தூக்கினாள். "புள்ளைங்களுக்குக் கண்ண இறக்கிப் பாப்போமில்ல, சிவப்பு இருக்கான்னு? அதே மாதிரிதான். ஈறு ரோஸ் கலர்ல இருக்கணும். இது கோதும மாவு மாதிரி கெடக்கு. மூக்குல ரத்தம் கசியுது. படுத்திருக்கிற நாய்க்கு ஏன் இப்பிடி மூச்சு வாங்குது? ஓட்டோ பிடிங்க. தலவாக்கலை மதுரா டொக்டர் ஞாயித்துக்கெழமயும் இருப்பாங்க."

"இருடி. சாமி ஒருக்காப் பாத்துரட்டும். அப்புறம் போவோம்."

அப்புறம்! இந்த ஒரு சொல்லால் செத்த உயிர்களுக்குக் கல்லறை கட்டினால் தேயிலை நட இடம் இருக்காது.

வரிசையில் இவர்கள் முறை வந்தது. சுவாமிகள் ஊதினார். சத்தம் வரவில்லை. வீரன் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வலது காது மெல்ல எழும்பியது.

"பேர் போட்டாச்சு!" என்றார் சுவாமிகள். "ஆத்மா கெட்டியா இருக்கு. கண்ணூறுதான். மூணு நாளைக்கு..."

"சாமி, அதுக்கு ஈறு வெளுத்துப்போச்சு!" என்றாள் சுதர்ஷினி. "மூணு நாள் இல்ல, மூணு மணித்தியாலம் தாங்காது."

களம் திரும்பிப் பார்த்தது. கண்டாக்கு தடியை ஊன்றினார். "ஏய், ஒன் வேல புள்ளைக்கு மூக்குச் சீந்துறது. சாமிகிட்டயே வைத்தியம் பேசுறியா?"

"நாய்க்குப் பேர் விழுந்துருச்சும்மா" என்றார் சண்முகராஜா, பொறுமையாக. "நீ இப்பிடி வாய வச்சா வெரதம் கெட்டுப்போயிரும். அப்புறம் சாமியக் குத்தம் சொல்லக் கூடாது."

ஜெயலெட்சுமி கறுப்புக் கயிற்றுக்குக் கையை நீட்டினாள். இதற்கு மேல் வாதாடுவது நேரத்துக்குக் கேடு என்று சுதர்ஷினிக்குத் தெரிந்தது. அழுகிற பிள்ளையிடம் யாரும் நியாயம் பேசுவதில்லை. கண்ணுக்கு முன்னால் எதையாவது காட்டுவார்கள்.

"சரிங்க சாமி, என் வாய் கெட்ட வாய். எங்கிட்டயும் ஒரு நாய் இருக்கு. அதுக்கும் ஊதிருங்க. ரெண்டே நிமிசம்."

பிள்ளைக் காம்பரா களத்துக்குக் கீழேதான். ஓடிப்போய், வராந்தாவில் படுத்திருந்த வெள்ளை நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் பவுடர். தூக்கி வரும்போதும் தூக்கம் கலையவில்லை. நடுக் களத்தில் வைத்தாள்.

சுவாமிகள் ஊதினார். சுற்றிலும் இருந்த நாய்கள் விறைத்தன. பவுடர் அசையவில்லை.

இன்னும் பலமாக ஊதினார். சீசர் எழும்பியே நின்றுவிட்டது. பவுடர் ஒரு ஈயைக் கூட மதிக்காமல் தூங்கியது.

சுவாமிகள் சங்கைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மாடி... எமன் கயிறு போட்டுட்டான். பொழுது சாயுறதுக்குள்ள இது போயிரும். இப்பவே மீட்புப் பூஜைக்கு..."

"ஐயோ, பாவம்!" என்றது கூட்டம்.

"பாவம்தான்" என்றாள் சுதர்ஷினி. இடுப்பிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து பவுடரின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

பவுடரின் மூக்கு முதலில் விழித்தது. பிறகு கண். பிறகு வால். பிஸ்கட் போயிற்று. இன்னொன்று கேட்டு அவள் மேல் தாவியது. கிடைக்காததால் களத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. பொழுது சாயச் சாகப்போகிற அந்த நாய், கடைசியில் சுவாமிகளின் ஆசனத்தண்டை போய் மோந்து பார்த்து, காலைத் தூக்கி, தீர்த்தப் போத்தல்கள் மீது தன் தீர்த்தத்தையும் கொஞ்சம் தெளித்தது.

"சாமி, இவன் பொறவிச் செவிடு" என்றாள் சுதர்ஷினி. "முப்பது புள்ளைங்க கத்துற எடத்துல வேற எந்த நாய் தூங்கும்? பக்கத்துல வெடி போட்டாலும் இவனுக்குக் கேக்காது. நீங்க இவ்வளவு நாளாப் பாத்தது காது கேக்குதான்னு மட்டும்தான். சீக்கு இருக்கான்னு இல்ல. கேக்குற நாய் சாகக் கெடந்தாலும் காதத் தூக்கும். கேக்காத நாய் கல்லு மாதிரித் தெடமா இருந்தாலும் தூக்காது."

களத்தில் இப்போதுதான் உண்மையிலேயே சத்தம் இல்லை.

"ஜெயாக்கா." சுதர்ஷினி அவள் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா காய்ச்சலோட இதே எடத்துலதான் பெரட்டுக்கு நின்னுச்சு. எழும்பி வந்து நிக்கிதுல்ல, அப்பச் சுகம்தான்னு சொல்லிப் பேர் போட்டு மலைக்கு அனுப்புனாங்க. பத்து மணிக்குக் கூடையோட சாஞ்சது எழும்பவே இல்ல. நம்மள எப்பிடிப் பாத்தாங்களோ, அதே மாதிரி நம்ம நாயயும் பாக்குறாரு இந்தாளு. நாமளும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறோம்."

ஜெயலெட்சுமி வீரனின் உதட்டைத் தானே தூக்கிப் பார்த்தாள். கயிற்றைக் கீழே போட்டாள். வீரனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டோ நிற்கிற ரோட்டைப் பார்த்து ஓடினாள். சுதர்ஷினியும் பின்னாலேயே ஓடினாள்.

அவர்கள் காணாத மீதிக் கூத்தையும் சொல்லிவிட வேண்டும்.

சண்முகராஜா முதலாளி மெதுவாக எழும்பி வந்தார். "சாமி, அப்ப எம் பூனை?" என்றார். சுவாமிகள் அதற்கு ஒரு சுலோகம் சொன்னார். முதலாளி மறுபடியும், "எம் பூனை, சாமி? அது முட்டை ரொட்டியால சாகலையா?" என்றார். சுவாமிகள் சங்கைத் துணியில் சுற்றப் பார்த்தார். கண்டாக்கு அதைப் பிடுங்கினார். பக்தி போனதால் அல்ல. தன் தோட்டத்தில் தனக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறதே என்ற கோபத்தால். சங்கைக் கவிழ்த்து உலுக்கினார். மெழுகு உடைந்து, சுண்டுவிரல் அளவு வெள்ளி நிறக் குழாய் ஒன்று கீழே விழுந்தது.

நாய்களைப் பழக்குகிறவர்கள் வைத்திருக்கிற விசில் அது. நமக்குக் கேட்காத மிக உயர்ந்த சுருதி ஓசை, நாய்க்கும் பூனைக்கும் நன்றாகக் கேட்கும். போனில் தேடினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஆத்மா தேவையில்லை.

கண்டாக்கு அதை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்று என்று நினைத்து மூச்சைப் பிடித்து ஊதினார். அவ்வளவுதான், களத்திலிருந்த நாய்கள் அத்தனையும் கயிற்றை இழுத்துக்கொண்டு அவரை நோக்கிப் பாய்ந்தன. முன்னால் நின்ற சுவாமிகள் பதறிப்போய்க் கையை நீட்டிக் கத்தினார்:

"சிட்! சிட்! ஸ்டே!"

சீசர் சட்டென்று குந்தியது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"இது என்னா மந்திரம் சாமி?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள். "பைரவருக்கு இங்கிலீஷும் தெரியுமா?"

தெரியும். பைரவானந்த சுவாமிகளின் பெயர் தரணிதரன். கொழும்பில் ஒரு காவல் கம்பனியில் நாய் பழக்கிக்கொண்டிருந்தவர். பிறகு நாய்களைவிட எளிதில் பழகுகிற பிராணி ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டு தொழிலை மாற்றியவர். இதெல்லாம் அவர் வாயாலேயே வந்தது. கேட்டது சண்முகராஜா முதலாளி. கேட்ட விதத்தை எழுதாமல் விடுகிறேன். முதலாளி வயசானவர், மரியாதையானவர்.

தலவாக்கலையில் மதுரா டொக்டர் வீரனின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றுத் தோலில் ஊதா நிறத் திட்டுகளைக் காட்டினார்.

"எலி மருந்து ஏதும் வைச்சனீங்களோ?"

ஜெயலெட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்துல... அஞ்சாறு நாளைக்கு முன்னாடிங்க. ஆனா அன்னிக்கு நல்லாத்தான் இருந்தான் டொக்டர்."

"அதுதான் இந்த மருந்தின்ர குணம். திண்ட அண்டைக்கு ஒண்டும் காட்டாது. நாலஞ்சு நாளைக்குப் பிறகுதான் உள்ளுக்குள்ள இரத்தம் கசியத் தொடங்கும். திண்டிருக்கும் எண்டு ஒரு சந்தேகம் வந்தாலே, நல்லா ஓடித் திரியுற நாயையும் அந்த நிமிசமே தூக்கிக்கொண்டு வந்திருக்கோணும். உந்த ஈறு வெளுக்கிறதும் மூச்சு வாங்குறதும் கடைசி மணி, அம்மா. நாளைக்கு எண்டு வைக்கேலாது." ஊசியை ஏற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன் இவ்வளவு நேரம் வைச்சிருந்தனீங்கள்?"

"பெரட்டுல நின்னோம், டொக்டர்" என்றாள் சுதர்ஷினி.

டொக்டருக்கு விளங்கவில்லை. விளக்க நேரமும் இல்லை. மருந்து வேலை செய்யும்வரை தாக்குப்பிடிக்க இரத்தம் வேண்டும், சுகமான பெரிய நாய் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். சுதர்ஷினி யோசிக்கவே இல்லை. கண்டாக்கு வீட்டுக்குப் போன் போட்டாள்.

கண்டாக்கு முக்கால் மணித்தியாலத்தில் சீசரோடு வந்தார். தடியைக் காணோம். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. "எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அல்சேஷனின் இரத்தம் லயத்து நாய்க்குள் இறங்கியது. சோதித்துப் பார்த்த டொக்டருக்கு இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது.

பொழுது சாயும்போது வீரனின் ஈறு மெல்லிய ரோஸ் நிறத்துக்கு வந்தது. உதட்டை ஜெயலெட்சுமி திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தாள். வீரனுக்கே அலுத்துப்போய் ஒரு சின்ன உறுமல் உறுமியது. அதைக் கேட்டுத்தான் அவள் அழுதாள்.

பகுத்தறிவு வென்றது என்று இங்கே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நரிப்பாறைத் தோட்டத்தை உங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் சுதர்ஷினியின் வாசலில் பதினோரு நாய்களும் நான்கு பூனைகளும் நின்றன. கொண்டுவந்தவர்கள் கையில் வெற்றிலை, பழம், கற்பூரம். முன்வரிசையில் நின்றவள் விழுந்து கும்பிடவே குனிந்துவிட்டாள். "தாயி, ஒன் கை ராசி. நீ வந்து ஒதட்டத் தூக்கிப் பாத்துச் சொல்லு."

"ஏன், உங்க கைக்கு என்ன வந்துச்சு?"

"நாங்க பாத்தா எப்பிடி? ஒனக்குத்தான் அருள் இருக்கு."

சுதர்ஷினி கற்பூரத்தைப் பிடுங்கி எறிந்தாள். "எனக்கு அருளும் இல்ல, மண்ணும் இல்ல. ரெண்டு கண்ணு இருக்கு, உங்களுக்கும் அதே ரெண்டு இருக்கு! ஈறு வெளுத்தா, மூச்சு வாங்குனா, மூத்திரம் போக முடியாம முக்குனா, வலிப்பு வந்தா, வெஷம் தின்னுருச்சோன்னு சந்தேகம் வந்தா எங்கிட்டயும் வராதீங்க, எந்தச் சாமிகிட்டயும் போவாதீங்க. ஓட்டோ பிடிச்சு டொக்டர்கிட்ட ஓடுங்க. ம், வந்தவங்க அவங்கவங்க நாய் ஒதட்ட அவங்கவங்களே தூக்குங்க!"

தயங்கித் தயங்கித் தூக்கினார்கள். நாய்கள் எரிச்சலோடு பல்லைக் காட்டின. பதினோரு நாய்க்கும் ஈறு சிவப்பாகவே இருந்தது. ஒன்றுக்கும் ஒரு சீக்கும் இல்லை. சும்மா ஒரு ஆசீர்வாதத்துக்காகக் கொண்டுவந்திருந்தார்கள்.

தரணிதரன் இப்போது வேறொரு பக்கம் மாடுகளுக்குப் பார்க்கிறாராம். புதிதாக ஒரு ஊமை மணி வைத்திருக்கிறாராம். கூட்டத்துக்குக் குறைவில்லையாம். அவரைப் பிடிக்கத் துரத்திப் பிரயோசனமில்லை. அவர் போனால் இன்னொருவர் வருவார், நாம் வெற்றிலையோடு தயாராகத்தானே நிற்கிறோம். வாயில்லா ஜீவனுக்கு வாய் இல்லை, சரி. அதை வளர்க்கிற நமக்குக் கண்ணும் மூளையும் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும்.